ஒன்பது ஞாயிறு மூடிய அப்பம்

— ஒன்பது வாரம் ஆச்சு தங்கச்சி. ஒன்பது ஞாயிறு திருவிருந்து அப்பத்தை மேஜையில வைக்கிறோம், துணியைப் போட்டு மூடி அப்படியே எடுத்துட்டுப் போறோம். இதுக்கு மேல சபை தாங்காது.

— தங்கச்சின்னு கூப்பிடாதீங்க மூப்பரே. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, சூடான ட்ரே வருது. உங்க வெள்ளைச் சட்டையில கரி பட்டுச்சுன்னா அதுக்கும் என் பாவம்தான் காரணம்னு சொல்லிடுவீங்க.

— அதாவது, நான் சண்டைக்கு வரலை.

— சண்டைக்கு வந்திருந்தாத்தான் எனக்குப் பிடிச்சிருக்கும். சனிக்கிழமை மதியம், கடைக் கதவைச் சாத்தின நேரமாப் பார்த்து, பின்வாசல் வழியா பேக்கரிக்குள்ள வந்திருக்கீங்க. முன்வாசல்ல வந்தா யாராச்சும் பார்த்துடுவாங்களே! சபை மூப்பர் போயும் போயும் இவ கடையில நிக்கிறாரேன்னு.

— அம்மா. பன்னு... மூணு நிமிஷம்.

— கேட்டுச்சு பாப்பா. இந்த அடுப்புல மணி கெட்டுப்போய் ஆறு வருஷம் ஆச்சு மூப்பரே. இவதான் எனக்கு மணி. சக்கர நாற்காலியில உட்கார்ந்தபடியே சொல்லுவா, ஒரு செகண்டு பிசகாது.

— கர்த்தர் நல்லவர். பாப்பா இப்ப எவ்வளவு தெளிவாப் பேசுறா!

— அவ எப்பவும் தெளிவாத்தான் பேசுறா. கேட்கிறவங்களுக்குத்தான் பொறுமை வேணும். நீங்க எல்லாம் நாற்காலியைப் பார்ப்பீங்க, அய்யோ பாவம்னு தலையைத் தடவுவீங்க, போயிடுவீங்க.

— தோத்திரம்... மூப்பரே.

— தோத்திரம்மா, தோத்திரம். நல்லா இருக்கியா?

— நல்லா இருக்கா, நல்லா இருக்கா. என்கிட்ட பேசுங்க நீங்க. எதுக்கு வந்தீங்க?

— எதுக்குன்னு உனக்குத் தெரியாதா? நாளைக்காவது நீ தூக்கின அந்தக் கையை இறக்கணும். ரெண்டு குடும்பம் வேற சபைக்குப் போயிடுச்சு. மூணாவது குடும்பம் போறதுக்கு யோசிக்குது. இருக்கிறதே பதினஞ்சு வீடு. இப்படியே போனா கடைசியில நானும் நீயும் அந்த மேஜையும்தான் மிச்சம்.

— அது நல்லா இருக்குமே! எதிரெதிர உட்கார்ந்துக்கலாம். ஆமா, அப்பம் பிட்கிறதுக்கு முன்னாடி கேட்கிறீங்களே ஒரு கேள்வி, அதைச் சபையில வச்சது யாரு?

— நான்தான். முப்பது வருஷம் ஆச்சு.

— என்ன கேள்வி? சொல்லுங்க, கேட்க ஆசையா இருக்கு.

— "இங்க யாருக்காவது யார் மேலயாவது மனஸ்தாபம் உண்டா?"

— உண்டுன்னா?

— கையைத் தூக்கணும். ஒரே ஒரு கை ஏறினாக்கூட அன்னைக்கு அப்பம் பிட்கக் கூடாது. அந்த வாரத்துக்குள்ள ரெண்டு பேரும் பேசி ஒப்புரவாகணும்.

— கை தூக்கின ஆளைச் சபையை விட்டு அனுப்பலாமா?

— கூடாது. தீர்ற வரைக்கும் அவங்க மேல யாரும் கை வைக்கக் கூடாது.

— அதையும் யாரு எழுதினது?

— ...நான்தான்.

— ஆங்! அப்ப எதுக்கு என்கிட்ட வந்து மூக்கைச் சிந்துறீங்க? உங்க சட்டம், உங்க மேஜை. நான் கையைத்தான் தூக்குறேன்.

— அது சண்டை போட்டவங்க சமாதானம் ஆகணும்னு வச்சது. முப்பது வருஷத்துல மொத்தம் நாலே தடவைதான் கை ஏறியிருக்கு. தண்ணிக் குழாய்ச் சண்டை, வேலிச் சண்டை, இப்படி. மறு வாரமே தீர்ந்துடும்.

— தீரலை மூப்பரே. விழுங்கினாங்க. உங்க மூஞ்சிக்குப் பயந்து எல்லாரும் விழுங்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. எனக்கு விழுங்க வரலை, அவ்வளவுதான்.

— அம்மா. பன்னு.

— இதோ எடுத்துட்டேன் பாப்பா. பார்த்தீங்களா நிறத்தை? இன்னும் அரை நிமிஷம் விட்டிருந்தா அடி கருகியிருக்கும்.

— எங்க இளைஞர் கூட்டம் உங்களைத் தேடி வந்து கூப்பிட்டுச்சு. பாப்பா நாற்காலி ஏறணும்னு அவங்களே சிமெண்டு குழைச்சு வாசல்ல சரிவு கட்டினாங்க. முன் வரிசையில ஒரு பெஞ்சைத் தூக்கிட்டு இடம் விட்டாங்க. பதினாலு வருஷம் கழிச்சு நீங்க ரெண்டு பேரும் உள்ள வந்தப்ப பாதி சபை அழுதுச்சு. யாரையும் ஒதுக்காத சபையாயிட்டோம்னு நானே எழுந்து நின்னு தோத்திரம் சொன்னேன். பத்து நிமிஷம். பத்தே நிமிஷம்தான் அந்தச் சந்தோஷம்.

— பத்து நிமிஷம் அதிகம். கேள்வியைக் கேட்டுட்டு, வழக்கம் போல ஒருத்தரும் தூக்க மாட்டாங்கன்னு நீங்க அப்பத்துக்குக் கை நீட்டினீங்க பாருங்க. அப்பத்தான் நான் தூக்கினேன். உங்க மூஞ்சி செத்துப்போச்சு! அந்த மூஞ்சியைப் பார்க்கிறதுக்காகத்தான் இத்தனை வருஷம் உயிரோட இருந்திருக்கேன்னு தோணுச்சு.

— அந்தச் சரிவு... நல்லா இருக்கு.

— நல்லாத்தான் கட்டியிருக்காங்க பாப்பா. அந்தப் பிள்ளைங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல.

— நாற்காலி... தானா ஏறுது. அப்புறம் பாட்டு...

— பாட்டுன்னா இவளுக்கு உயிரு. அதை விடுங்க மூப்பரே. நான் என்ன கேட்டேன்னு முதல் வாரமே உங்ககிட்ட சொல்லிட்டேன். சபைக்கு முன்னாடி எழுந்து நின்னு சொல்லணும். "இவ எந்தப் பாவமும் பண்ணலை, நான்தான் இவளைப் பொய் சொல்ல வச்சேன்"னு. சொல்லிட்டா கையை இறக்குறேன். நீங்கதான் மாட்டேன்னுட்டீங்க.

— எப்படிச் சொல்லுவேன்? நீயே உன் வாயால பாவ அறிக்கை பண்ணினது. சபையே கேட்டுச்சு.

— அப்ப நாளைக்கும் துணியை மடிச்சு எடுத்துட்டு வாங்க.

— அப்பத்துக்கான ரொட்டியையும் நீதானே சுட்டுக் கொடுக்கிற! அதுதான் எங்களுக்குப் புரியலை. கொடுக்கிறதும் நீ, தடுக்கிறதும் நீ.

— ஒவ்வொரு வாரமும் பார்த்துப் பார்த்துச் சுடுறேன். நாள் முழுக்க ஊறவிட்டு, மேல பால் தடவி. மூடி இருந்தாக்கூட வாசம் பின் வரிசை வரைக்கும் போகணும். எல்லாருக்கும் வாயூறணும், ஒருத்தரும் தொடக் கூடாது.

— எனக்கும்... வாயூறும்.

— உனக்கு வீட்ல தர்றேன் பாப்பா. எவ்வளவு வேணும்னாலும்.

— அது... அப்பம் இல்ல.

— பாருங்க, உங்களை மாதிரியே பேசுறா!

— குழந்தை சொல்றது சரிதானே. மூணாவது வாரம் நாலு பேர் தூக்கிப் பிடிச்சுத் தொட்டியில இறக்கி அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தோம். என்னா சிரிப்பு சிரிச்சா அன்னைக்கு! அவளுக்கே இன்னும் ஒரு துண்டு அப்பம் கிடைக்கலை. உன் கையாலதான் கிடைக்கலை.

— அவ எனக்காகப் பொறுத்துப்பா. பதினாலு வருஷம் பொறுத்தவளுக்கு இது ஒண்ணும் பெரிசு இல்ல. நீங்க அவளைக் காட்டி என்னைக் கரைக்கப் பார்க்காதீங்க.

— சரி, அவளுக்காக வேண்டாம். என் வீட்டம்மாவுக்காகக் கேட்கிறேன். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். வயித்துல கட்டி. பிழைப்பாளான்னு டாக்டர் வாய் திறக்க மாட்டேங்கிறார். அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்கிறா. போறதுக்கு முன்னாடி ஒரு துண்டு அப்பம்.

— அலமாரியில பத்து விதமா ரொட்டி இருக்கு, எடுத்துட்டுப் போங்க. காசு வேண்டாம்.

— சபையில பிட்டதைத்தான் சீக்காளி வீட்டுக்குக் கொண்டு போகலாம். உனக்குத் தெரியாதா?

— அதுவும் நீங்க எழுதினதுதானா?

— ...ஆமா.

— அடேங்கப்பா! எத்தனை எழுதி வச்சிருக்கீங்க! உங்க வீட்டம்மா மேல எனக்குக் கோபம் இல்ல மூப்பரே. உங்க வீட்ல இருந்த அந்த இருபத்தொரு நாள்ல எனக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்தது அவங்க ஒருத்தங்கதான். அதுக்காக அழுவேன், போய்ப் பார்ப்பேன், கால் பிடிச்சு விடுவேன். கையை மட்டும் இறக்க மாட்டேன்.

— கல் நெஞ்சம்மா உனக்கு.

— யாரு பண்ணினது இந்த நெஞ்சை? பிறக்கிறப்பவே இப்படியா பிறந்தேன்? இருபத்தொரு நாள் ஜெபம். பாப்பாவுக்கு அப்ப ஒன்பது வயசு. உங்க வீட்டுக் கூடத்துல நடுவுல ஒரு பாய், பாய் மேல இவ. சுத்தி பன்னெண்டு பேர். இவ எழுந்து நடக்கணும், நடக்கலைன்னா யாரோ பாவத்தை மறைக்கிறாங்கன்னு அர்த்தம். யாரு மறைக்கிறது? பெத்தவ. வேற யாரு!

— நான் உன்னை அடிச்சேனா? ஒரு வார்த்தை திட்டியிருப்பேனா? கேட்டேன். கேட்க மட்டும்தான் செஞ்சேன்.

— எத்தனை தடவை? ஒரு நாளைக்கு எத்தனை தடவைன்னு சொல்லுங்க. விரல் விட்டு எண்ண முடியாதில்ல? மாமியார்கிட்ட ஒரு தடவை பொய் சொன்னேன்னேன். "இது இல்ல"ன்னீங்க. இந்தக் கடையில கூலிக்கு மாவு பிசைஞ்சப்ப ரெண்டு கை மாவு வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன்னேன். "இது சின்னது, ஒரு பிள்ளை நடக்காமப் போற அளவுக்கு இல்ல"ன்னீங்க. என்னமோ தராசு வச்சுப் பார்த்த மாதிரி! பதினஞ்சாவது நாளுக்கு மேல சுத்தி நின்னவங்களுக்கே அலுத்துப்போச்சு. இவ ஒருத்தியால எல்லாருடைய ஜெபமும் தடையாகுதுன்னு என் காது கேட்கவே பேசினாங்க. பிள்ளைக்கும் ராச்சாப்பாட்டை நிறுத்தச் சொன்னீங்க. எலும்பும் தோலுமாக் கிடந்தா.

— உபவாசம்னா...

— ஒன்பது வயசுப் பிள்ளைக்கு அது பட்டினி! அதுக்கு வேற பேர் வைக்காதீங்க, எனக்குக் கெட்ட கோபம் வரும். கையில கத்தி இருக்கு, மாவு வெட்டிட்டு இருக்கேன்.

— அம்மா... கோபப்படாத.

— நீ சும்மா இரு பாப்பா. கடைசி நாள் என்ன சொன்னீங்க? "இன்னைக்கு நீ வாயைத் திறக்கலைன்னா இந்தப் பிள்ளை எழுந்திருக்காததுக்கு நீதான் காரணம்"னு. பெத்த தாய்கிட்ட. நான் என்ன பண்ணுவேன்? இல்லாத பாவத்தை எங்க போய்த் தேடுவேன்? நானே ஒண்ணை இட்டுக்கட்டினேன். உங்களுக்குப் பிடிச்ச அளவுல, நல்லாப் பெரிசா. கல்யாணத்துக்கு அப்புறமும் எனக்கு ஒருத்தனோட தொடர்பு இருந்துச்சுன்னேன். உங்க கண்ணு பளிச்சுனு மின்னுச்சு.

— அப்படிச் சொல்லாத.

— மின்னுச்சு! நான் பார்த்தேன். அப்பக்கூட இவ எழுந்து நிப்பான்னு இவ காலையே பார்த்துட்டு இருந்தேன், முட்டாள் கழுதை. இவ எழுந்திருக்கலை. இவ அப்பாதான் எழுந்து வெளிய போனார்.

— நீ இப்ப சொல்றது பொய்யா, அன்னைக்குச் சொன்னது பொய்யா? எனக்கு எப்படித் தெரியும்? யோசிச்சுப் பாரு. பொய் சொல்றவங்க பேரும் இனிஷியலுமாவா சொல்லுவாங்க? நீ அந்த ஆள் பேரைத் தயங்காமச் சொன்ன. அதனாலதான் நான் நம்பினேன்.

— அந்தப் பேரு ஞாபகம் இருக்கா?

— சபைக் குறிப்புல எழுதி வச்சிருக்கேன். மறக்குமா?

— உங்களுக்குக் கண்ணாடிக் கடை தானே. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடுறீங்களே, இப்ப உங்க கண்ணாடியை எடுத்து மாட்டுங்க. அந்த மூலையில அடுக்கியிருக்கு பாருங்க, மாவு மூட்டை. பதினாலு வருஷமா அதே மில்லு. கிட்டப் போங்க. பெரிய எழுத்துல மில்லு பேரு இருக்கும், அதை விடுங்க. கீழ தையல் ஓரமா, பொடி எழுத்துல முதலாளி பேர் போட்டிருக்கும். படிங்க. வாய்விட்டு வேண்டாம், அந்தப் பேரை இந்தக் கடையில யாரும் சொல்றதில்ல.

— இங்க வெளிச்சம் போதலை...

— லைட்டைப் போடுறேன். இப்ப? ஒத்துப் போகுதா?

— இனிஷியல்கூட... இனிஷியல்கூட அப்படியே இருக்கு.

— தினமும் நாலு மூட்டை பிரிச்சுக் கொட்டிட்டுத்தான் சாயங்காலம் உங்க கூடத்துக்கு வந்தேன். "பேரைச் சொல்லு, பேரைச் சொல்லு"ன்னு குடைஞ்சீங்க. கண்ணை மூடினா அந்த எழுத்துதான் நின்னுச்சு. சொல்லிட்டேன்.

— அப்ப இந்த மனுஷனை நீ...

— யாரு கண்டா அவரை! கிழவரா, குமரனா, உயிரோட இருக்காரா, ஒண்ணும் தெரியாது. பாவம், எங்கேயோ உட்கார்ந்து மாவு அரைச்சு அனுப்பினார். அதுக்கு அவர் தலையில என்னைக் கட்டி வச்சேன்.

— என் தேவனே.

— இவ அப்பா லாரி ஓட்டினவர். அந்தப் பேர்ல ஒருத்தனைத் தேடி ஊர் ஊராப் போனார். அதே மாவு மூட்டையை எத்தனை தடவை ஏத்தி இறக்கியிருப்பார், பொடி எழுத்தை யாரு படிக்கிறா?

— அவர்கிட்ட நீ உண்மையைச் சொல்லலையா?

— மறுநாளே கால்ல விழுந்து சொன்னேன். மூட்டையையும் காட்டினேன். "இப்ப மூட்டையைப் பார்த்துக் கதை கட்டுறியா? மூப்பர் வந்து பொய்னு சொல்லட்டும், நம்புறேன்"னார். உங்க வீட்டு வாசலுக்கு ஓடி வந்தேன். என்ன சொன்னீங்க?

— ஞாபகம் இல்ல.

— எனக்கு இருக்கு. "அறிக்கை பண்ணின பாவத்தை இல்லைன்னு மறுக்கிறது அதைவிடப் பெரிய பாவம்"னீங்க. கதவைச் சாத்தினீங்க.

— மூட்டையைப் பத்தி நீ அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லலையே!

— சொல்ல விட்டீங்களா? வாயைத் திறக்கிறதுக்குள்ள தாழ்ப்பாள் விழுந்துச்சு. அடுத்த ஞாயிறு எங்க பேரைச் சபையில இருந்து எடுத்தாச்சுன்னு வாசிச்சீங்க. பிள்ளை பேரையும் சேர்த்து.

— அப்பா... போறப்ப என்கிட்ட...

— வேண்டாம் பாப்பா, அதெல்லாம் இப்ப எதுக்கு? அழுதா உனக்கு மூச்சு முட்டும். இன்னொரு ட்ரே உள்ள இருக்கு, நேரத்தைப் பாரு.

— ...அஞ்சு நிமிஷம்.

— அவர் இப்ப இருந்திருந்தா இப்பவே கிளம்பிப் போய் அவர் கால்ல விழுந்திருப்பேன் தங்கச்சி. சத்தியமாச் சொல்றேன்.

— அவர் போய் ஏழு வருஷம் ஆச்சு. லாரி கவிழ்ந்து, எந்த ஊரோ, எந்த ரோடோ. என்னை நம்பாமலே போய்ட்டார். அதனால அவர்கிட்டச் சொல்ல வேண்டிய வேலை உங்களுக்கு மிச்சம். சபைகிட்டத்தான் சொல்லணும்.

— அவர்தான் இல்லையே, இனிமே சொல்லி யாருக்கு என்ன?

— யாருக்கும் ஒண்ணும் இல்ல. அதுதான் பழி! பிரயோஜனம் இருக்குன்னா அதுக்குப் பேரு நியாயம். எனக்கு நியாயம் கேட்கிற வயசு தாண்டிப்போச்சு. எனக்கு உங்க மூஞ்சி இன்னொரு தடவை சாகணும், எல்லாரும் பார்க்கணும்.

— ...சரி.

— என்ன சரி?

— சொல்றேன். நாளைக்குச் சொல்றேன். இந்தப் பேரைப் படிச்சதுக்கு அப்புறமும் சொல்லலைன்னா நான் மனுஷன் இல்ல.

— எப்படிச் சொல்லுவீங்க? இங்கேயே சொல்லுங்க, கேட்கிறேன். நாளைக்கு மேஜைகிட்ட நின்னு மென்னு முழுங்குவீங்க.

— இப்பவா? இங்கேயா?

— இங்கேதான். இதோ, மேஜையைத் துடைச்சுட்டேன். நாளைக்கு வேண்டிய ரொட்டியும் இதோ, துணி போட்டு மூடி வச்சிருக்கேன். நில்லுங்க நேரா.

— அதாவது... அன்பானவர்களே, பல வருஷத்துக்கு முன்னாடி நம்ம நடுவுல ஒரு தவறு நடந்துபோச்சு...

— நடந்துபோச்சா? தானா நடந்து போறதுக்கு அதுக்கென்ன காலா இருக்கு? யாரு பண்ணினது?

— நான் பண்ணினேன்.

— ம், மேல.

— இந்தச் சகோதரி... எந்தப் பாவமும் பண்ணலை. இருபத்தொரு நாள் நச்சரிச்சு, இவளை நான்தான் பொய் சொல்ல வச்சேன். அந்தப் பொய்யை நம்பி இவ புருஷன் போனார். உண்மையைச் சொல்ல வந்தப்ப நான் கதவைச் சாத்தினேன்.

— பிள்ளை?

— பிள்ளையைப் பட்டினி போட்டேன்.

— கண்ணைத் துடைச்சுக்கோங்க, அழுகையில குரல் கம்முது. இன்னொரு தடவை.

— பிள்ளையைப் பட்டினி போட்டேன்! போதுமா?

— போதாது. "இன்னையில இருந்து நான் மூப்பர் இல்ல"ன்னு சொல்லணும். முன்னாடி இருக்கிற அந்தப் பெரிய நாற்காலியில இனிமே உட்காரக் கூடாது. வாசல் பக்கம், குடை வைக்கிற இடத்துல ஒரு ஸ்டூல் கிடக்கே, அதுதான் உங்க இடம்.

— முப்பது வருஷம்மா... அந்தச் சபை என் வீட்டுக் கூடத்துல பிறந்தது.

— எங்களை வெளிய தள்ளினதும் அதே கூடத்துலதான். ஸ்டூல்.

— ...உட்கார்றேன்.

— ஹப்பா! வயிறு குளிர்ந்துபோச்சு மூப்பரே. பொய் சொல்ல மாட்டேன், இவ்வளவு சந்தோஷமா இருந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. இதை மன்னிப்புன்னு மட்டும் நினைச்சுடாதீங்க. கையை இறக்குறேன், அவ்வளவுதான்.

— அது போதும். செவ்வாய்க்குள்ள வீட்டம்மாவுக்கு ஒரு துண்டு கொண்டு போவேன், அது போதும் எனக்கு.

— கேள்வியையும் கேட்டுடுங்க. முறைப்படி முடிப்போம். துணியை நான் எடுக்கிறேன்.

— சரி. இங்க... யாருக்காவது யார் மேலயாவது மனஸ்தாபம் உண்டா?

— எனக்கு இல்ல. பார்த்துக்கோங்க, ரெண்டு கையும் கீழ இருக்கு.

— யாரும் கை தூக்கலை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அப்ப நாளைக்கு...

— நான்... தூக்கினேன்.

— என்ன பாப்பா? ட்ரே எடுக்கணுமா?

— ட்ரே இல்ல. கை. ஒன்பது வாரமா... ஒவ்வொரு தடவையும் தூக்கினேன். மடியை விட்டு... ஏறலை. அதனால யாரும் பார்க்கலை.

— அடி என் தங்கமே! கேட்டீங்களா மூப்பரே? பிள்ளை மனசுலயும் எத்தனை இருக்கு பாருங்க! பட்டினி போட்டீங்களே, சும்மாவா போகும்? சொல்லுடி பாப்பா, நல்லா மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லு. அன்னைக்கு இவர் உன்னை...

— அம்மா. ஒரு தடவை... முடிக்க விடு.

— ...சரி. சொல்லு.

— நடக்கணும்னு... நான் யார்கிட்டயும் கேட்கலை. அந்தப் பாய்ல கிடந்து... தினமும் உன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். வீட்டுக்குப் போலாம்மான்னு. நீ அவருக்குப் பதில் சொல்லிட்டே இருந்த. எனக்கு... சொல்லவே இல்ல. எனக்கு நடக்க வேண்டாம். அப்பா இருந்தாப் போதும்.

— பாப்பா, உனக்காகத்தானே நான்...

— இப்பவும் அப்படித்தான். நான் ஆசைப்பட்டது... அந்த அப்பம். என்னைக் கேட்டியா? எனக்காகப் பொறுத்துப்பான்னு... நீயே சொல்லிட்ட.

— அம்மாடி, யார் மேல மனஸ்தாபம்னு நீ பேரைச் சொல்லணும். அதுதான் முறை. என் மேலன்னா, எனக்கு அது தகும். சொல்லிடு.

— உங்க மேல இருந்துச்சு மூப்பரே. இப்ப நீங்க அழுதீங்க, போயிடுச்சு. அம்மா மேலதான் போகலை... துணியைப் போட்டு மூடுங்க.